கடை இலவசம், சரக்கு யார்?



காசில்லாமல் ஒரு கடைக்காரன் கால்பலம் வெல்லம் தருவானா? தரமாட்டான். ஆனால் ஒரு கடை இருக்கிறது. நுழையக் கட்டணமில்லை. நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போ என்பாரில்லை. நண்பரோடு பேசலாம், படம் காட்டலாம், கூட்டச் செய்தியை ஊரெங்கும் பரப்பலாம். முகநூல் என்பது அதன் பெயர்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதி அறையிலே பிறந்த கடை அது. 2012இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்குப் பேசி வாங்கிற்று. 2014இல் வாட்ஸ்அப்புக்கு 1,900 கோடி டாலர் விலை வைத்தது. இன்று மூன்றும் மெட்டா என்ற ஒரே முதலாளியின் குடைக்கீழ்!

இலவசமாகத் தருபவனுக்கு இத்தனை கோடி ஏது? 2024ஆம் ஆண்டில் மெட்டாவின் வருவாய் 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் நூற்றுக்கு 97 பங்கு விளம்பரத்தால் வந்தது. உங்கள் வயது, ஊர், விருப்பு, வெறுப்பு அத்தனையையும் கணக்கெடுத்து, இன்னாருக்கு இன்ன விளம்பரம் என்று காட்டுகிறார்களே, அந்த வேலைக்குத்தான் கூலி! அந்தக் கடையில் நாம் வாடிக்கைக்காரர் அல்லர், தோழர்களே, நாமே சரக்கு!

"என் வீட்டில் புதையலா இருக்கிறது? தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டுமே" என்பார் சிலர். அவர்கள் இந்தக் கணக்கைக் கேட்கட்டும். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற இலண்டன் நிறுவனத்தின் விவகாரம் 2018 மார்ச்சில் வெடித்தது. குணத்தைச் சோதிக்கும் வினாவிடை என்று ஒரு செயலியைக் காட்டி, விடை சொன்னவர் விவரத்தோடு அவருடைய நண்பர்களின் விவரத்தையும் வாரியெடுத்தனர். அள்ளப்பட்டது தேர்தல் பிரச்சார வேலைக்காக! இந்தியாவில் அதை ஏற்றவர்கள் வெறும் 335 பேர். விவரம் சிக்கியிருக்கக்கூடியவர்களோ 5 லட்சத்து 62 ஆயிரம் பேர் என்று முகநூலே சொன்னது. உலகெங்கும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை! கதவைத் திறந்தவன் ஒருவன், களவு போனது தெருவே! 2019இல் அமெரிக்க அரசு ஆணையம் முகநூலுக்கு விதித்த அபராதம் 500 கோடி டாலர்.

வணிகத்துக்கு நன்மையே இல்லையா? உண்டு, மறுப்பாரில்லை. தையற்காரரும் கைத்தறி நெசவாளரும் தரகனில்லாமல் சரக்கைக் காட்ட வழி பிறந்தது. ஆனால் சந்தை யாருடையது? 2018 ஜனவரியில் முகநூல் தன் விதியை மாற்றிற்று. நிறுவனங்களின் பதிவுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. நேற்றுவரை காசின்றி வந்த கூட்டத்தை, இன்று விளம்பரக் காசு கொடுத்து அழைக்க வேண்டியதாயிற்று. பழைய தரகன் போனான், பெரிய தரகன் வந்தான்!

சட்டம் உறங்கிக் கிடக்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலே அரசுக்கு விலக்குகள் உண்டென்பதையும் மறவாதீர். 2024 நவம்பரில், வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டு நிபந்தனைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

ஆனால் காவலனை நம்பிக் கதவைத் திறந்து வைப்பாருண்டோ? கைப்பேசியை வீசியெறியச் சொல்லவில்லை. கணக்கோடு பயன்படுத்தச் சொல்கிறோம். விளையாட்டுச் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கிளை உறுப்பினர் பட்டியலையும் சங்கத் தோழர்களின் எண்களையும் கண்ட இடத்தில் ஏற்றாதீர்கள். அவை உங்கள் சொத்தல்ல, உங்களை நம்பியவர்களின் சொத்து.

335 பேரின் அசட்டையால் ஐந்தரை லட்சம் பேர் அகப்பட்டார்கள் என்றால், 335 பேரின் விழிப்பு ஐந்தரை லட்சம் பேரைக் காத்திருக்கும் அன்றோ! அந்த விழிப்பு நம் கிளைகளிலிருந்தே தொடங்கட்டும்!