விலை குறைந்த பொறியும் விலை குறையாத உரிமையும்

சந்தையிலே ஒரு பொருளின் விலை இறங்குகின்றதென்றால், அதன் காலம் முடிந்துவிட்டது என்று கொள்வதே உலக வழக்கு. புதிய வரவுக்கு இடம்விடும் பொருட்டுக் கடைக்காரர் பழையதை மூலையில் அடுக்கிக் கழிவு விலைச் சீட்டை ஒட்டிவிடுவர். அந்தச் சீட்டைக் கண்ட பின்னரே கடையினுள் நுழையும் ஒரு கூட்டத்தாரும் உளர். ஆக்கியோர் கைவிட்ட பொருளில் ஆக்கியோர் எண்ணாத பயனைக் காண்பவர் அவர்கள். அத்தகையோரின் கையிலே நெடுங்காலம் வாழ்ந்த, இன்றும் வாழ்கின்ற ஒரு பொருளைப் பற்றியதே இக்கட்டுரை.

அப்பொருள் கையிலே அடங்கும் ஒரு விளையாட்டுப் பொறி. சோனி நிறுவனத்தார் 2004 டிசெம்பர் 12 ஆந் திகதி யப்பானிலும், 2005 மார்ச்சு 24 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலும் விற்பனைக்கு விட்ட ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ என்பது அதன் பெயர். பி.எஸ்.பி. என்று சுருக்கி வழங்குவர். விளையாட்டுப் பொறிக்கும் இலக்கியப் பக்கத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். ஒரு நூலை விலைகொடுத்து வாங்கியவன் அதன் ஓரத்திலே குறிப்பெழுதலாமா? அது நைந்துபோகுமுன் படியெடுத்துக் காக்கலாமா? பதிப்பித்தவர் மறந்த பின்னரும் அதனைப் படித்துக்கொண்டிருக்கலாமா? இவ்வினாக்கள் நமக்குப் புதியனவல்ல. இதே வினாக்கள் இச்சிறு பொறியைச் சுற்றியும் எழுந்தன.

பூட்டிய பெட்டகம்

அமெரிக்காவில் அறிமுகமானபோது பி.எஸ்.பி.யின் விலை 249.99 டொலர். 4.3 அங்குலத் திரை, 32 மெகாபைற்று நினைவகம், கம்பியில்லாத் தொடர்பு என்பன அதனுள் அமைந்திருந்தன. அதன் மூளையாகிய செயலி 333 மெகாஹேட்ஸ் வேகம்வரை இயங்க வல்லது. ஆனால், பற்றரி விரைவில் வற்றிவிடும் என்று கருதிய நிறுவனத்தார், 2007 ஆம் ஆண்டுவரை ஆட்டங்களை 222 மெகாஹேட்ஸ் வேகத்துள் நிறுத்தியே வைத்தனர். சுருங்கக் கூறின், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மேசையை நிறைத்திருந்த கணினிக்கு ஒப்பான ஆற்றல் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த ஆற்றல் பூட்டப்பட்டிருந்தது. நிறுவனத்தின் இலக்க ஒப்பம் பெறாத எந்தச் செய்நிரலையும் அப்பொறி இயக்காது. இதற்குக் காரணம் உண்டு. இத்தகைய பொறிகளை ஆக்குவோர், பொறியை விற்றுப் பெறும் ஊதியத்திலும் பார்க்க, விற்கப்படும் ஒவ்வோர் ஆட்டத்தின் மீதும் பெறும் உரிமப் பணத்தையே பெரிதும் நம்புவர். ஒப்பமின்றி ஆட்டங்கள் இயங்குமாயின் அந்த வருவாய் ஒழியும். களவுப் பிரதிகளும் பெருகும். பூட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அந்தப் பூட்டு, களவாட வந்தவனையும் கற்க வந்தவனையும் வேறுபடுத்தி அறியவில்லை.

வீட்டிலே வடித்தவை

கற்க வந்தோர் தாமே எழுதிய செய்நிரல்களை ‘ஹோம்புரூ’ என்பர். ஆலையிற் செய்யாது வீட்டிலேயே வடித்த மதுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. உரிமமும் ஊதியமும் கருதாது, தம் கைப்பொறிக்குத் தாமே எழுதிக்கொள்ளும் ஆக்கங்களுக்கு அப்பெயர் நன்கு பொருந்தியது.

யப்பானில் முதலில் விற்ற பொறிகளில் இருந்த 1.00 என்னும் அடிப்படை மென்பொருள், ஒப்பமில்லாத செய்நிரலையும் இயக்கும் என்பது 2005 மே மாதத்தில் வெளிப்பட்டது. அமெரிக்கப் பொறிகளில் இருந்த 1.50 இன் பூட்டு அடுத்த மாதமே திறந்தது. இரண்டு நினைவக அட்டைகளை வைத்துக்கொண்டு, பொறி ஒன்றைச் சோதித்து முடித்த கணத்தில் அதனை உருவி மற்றதைச் செருகுவதே முதலிற் கண்ட வழி. வாயிற்காவலன் முகத்தைத் திருப்பும் நேரம் பார்த்து உள்ளே நுழைவது போன்றது அது.

அவ்வாண்டிலேயே ‘சி’ மொழியில் எழுதுவதற்கு வேண்டிய கருவித் தொகுதியை ஆர்வலர் தாமே ஆக்கி எல்லார்க்கும் இலவசமாக வழங்கினர். ‘லுவா’ என்னும் எளிய மொழியில் எழுதவும் ஒரு கருவி வந்தது. நூல் வாசிக்கும் செய்நிரல், இசையமைக்கும் செய்நிரல், சிறு ஆட்டங்கள் எனப் பலவும் பெருகின. கணினிக் கல்விக்கென்று எவரும் ஆக்காத ஒரு பொறி பலருக்குக் கல்விக்கூடமாயிற்று.

கழிவு விலையும் ஓர் இலக்கமும்

நிறுவனத்தார் வாளாவிருக்கவில்லை. 2005 ஆம் ஆண்டின் பிற்பாதியில் 2.00 என்னும் புதிய மென்பொருள் வந்தது; அதனையடுத்து மேலும் பல வந்தன. ஒவ்வொன்றும் முன்னிருந்த துவாரத்தை அடைத்தது. ஆர்வலரும் ஒவ்வொன்றிலும் புதிய துவாரத்தைத் தேடினர். படமொன்றைத் திறக்கும் பகுதியிலே ஒரு பிழை. ஆட்டமொன்றின் சேமிப்பை வாசிக்கும் பகுதியிலே மற்றொரு பிழை. புதிதாக வெளிவந்த ஆட்டத் தட்டுகளோ, புதிய மென்பொருளை ஏற்றாமல் இயங்க மறுத்தன. புதிய ஆட்டம் வேண்டுமா, தாமே எழுதும் உரிமை வேண்டுமா என்று பொறியை உடையவரே தெரிவுசெய்ய நேர்ந்தது.

இங்கேதான் கழிவு விலையின் கதை சுவைபெறுகின்றது. அமெரிக்காவில் பி.எஸ்.பி.யின் விலை 2006 இல் 199.99 டொலராகவும், 2007 இல் 169.99 டொலராகவும் இறங்கியது. வழமையான வாடிக்கையாளர் புதிய சரக்கைக் கேட்க, இவர்கள் பழைய சரக்கைக் கேட்டனர். பெட்டியின் ஓரத்தில் அச்சிடப்பட்ட சிறு எழுத்தைப் பார்த்து, உள்ளிருக்கும் மென்பொருளின் இலக்கத்தை ஊகித்தனர். ஒரே விலை, ஒரே நிறம், ஒரே திரை. ஆயினும் ஒன்று திறக்கக்கூடிய பொறி, மற்றது மூடிய பொறி. விலைச் சீட்டிலே காணாத இந்த வேற்றுமையே அவர்களுக்குப் பெறுமதியாயிற்று.

2006 இல், ‘டார்க் அலெக்ஸ்’ என்னும் புனைபெயர் பூண்ட நிரலாளர், புதிய மென்பொருளின் வசதிகளையும் பழையதன் சுதந்திரத்தையும் ஒருங்கே தரும் மாற்று மென்பொருளை வெளியிட்டார். 2007 இல் ‘பண்டோரா பற்றரி’ வந்தது. பற்றரியினுள் எழுதப்பட்டிருக்கும் தொடரிலக்கத்தை மாற்றிவிட்டால், பொறி அதனைப் பழுதுபார்ப்போரின் பற்றரி என்று கருதித் தன் கதவைத் தானே திறந்துவிடும். ஈற்றில், 2011 இன் தொடக்கத்தில், ஒப்பமிடுவதற்குரிய இரகசியத் திறவுகோல்களே வெளிப்பட்டன. அதன் பின்னர் எந்தப் பெட்டியில் எந்த எழுத்து என்று தேடவேண்டிய தேவை அருகிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் விலையும் 129.99 டொலராக இறங்கியது.

ஒன்றைப்போல் மற்றொன்று

இப்பொறியைத் தேடியவர்களின் மற்றொரு நோக்கம், பழைய பொறிகளின் ஆட்டங்களை இதிலே இயக்குவது. ஒரு பொறி பிறிதொரு பொறியைப்போல் நடந்துகொள்ளச் செய்யும் செய்நிரலை ‘எமுலேற்றர்’ என்பர். நடிகன் அரசனாகத் தோன்றுவதுபோல, புதிய பொறி பழைய பொறியாக வேடம் பூணுகின்றது. பழைய ஆட்டம் அவ்வேடத்தை மெய்யென்று நம்பி இயங்குகின்றது.

இது சிறுவர் சூழ்ச்சியன்று. 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தபோது, தன் பழைய 1401 கணினிக்கு எழுதிய செய்நிரல்கள் வீணாகாதபடி இம்முறையையே கையாண்டது. பழைய உழைப்பை எறியாது புதிய வீட்டுக்குக் கொண்டுசெல்லும் வழி என்பதே அதன் பிறப்புப் பொருள்.

சோனியின் முதலாவது பிளேஸ்டேஷன் பொறிக்கு, மக்கின்டோஷ் கணினியில் இயங்கும் எமுலேற்றர் ஒன்றைக் கொனெக்டிக்ஸ் நிறுவனம் 1999 இல் விற்றது. சோனி வழக்குத் தொடுத்தது. அதனை ஆக்குவதற்காகச் சோனியின் மென்பொருளை இடையிலே பிரதிசெய்து ஆராய்ந்தமை நியாயமான பயன்பாடே என்று 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது. பின்னர் சோனி அந்த எமுலேற்றரையே விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்தியது. அதே சோனி, 2006 இன் இறுதியில், தன் முதலாம் பிளேஸ்டேஷனின் ஆட்டங்களைப் பி.எஸ்.பி.யில் இயக்கும் எமுலேற்றரைத் தானே வழங்கி அவ்வாட்டங்களை விற்கத் தொடங்கியது. வழியைப் பற்றி இரு தரப்புக்கும் மாறுபாடில்லை. வாயிலில் நிற்பவர் யார் என்பதே பிணக்கு.

களவும் காப்பும்

ஒன்றை ஒளியாது கூறல் வேண்டும். பூட்டுத் திறந்தபோது உள்ளே புகுந்தோர் எல்லாரும் கற்க வந்தவரல்லர். ஆட்டங்களை ஆக்கியோரின் உழைப்பை விலைகொடாது பிரதிசெய்தோர் பலர். எமுலேற்றர் எழுதுவது வேறு; பிறர் ஆக்கத்தைப் பிரதிசெய்து ஊரெங்கும் வழங்குவது வேறு. பின்னையது களவே. கருவியின் மீதுள்ள காதல் அக்குற்றத்தைக் கழுவிவிடாது.

ஆனால் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளிவந்த பழைய ஆட்டங்களுள் 87 சதவீதமானவை இன்று விற்பனையில் இல்லை என்பதை, வீடியோ கேம் ஹிஸ்ரறி பவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. விலைகொடுக்க விரும்புபவனுக்கும் அவை கிடையா. பி.எஸ்.பி.யின் சொந்தக் கதையும் அதுவே. 2014 இல் அதன் ஏற்றுமதி பல நாடுகளுக்கும் நின்றது. அதற்கெனச் சோனி நடத்திய இணையக் கடையும் 2021 யூலையில் விற்பனையை மூடியது. தட்டுகளைச் சுழற்றும் உறுப்புத் தேய்கின்றது; பற்றரி வீங்குகின்றது. ஏட்டுச் சுவடியைச் செல் அரித்ததுபோல, இவற்றைக் காலம் அரிக்கின்றது. படியெடுத்தவர் இருந்தமையால் நம் ஏடுகள் சில பிழைத்தன. படியெடுப்பார் இல்லாதவை பெயரளவாய் நின்றன.

சட்டம் இன்னும் தயங்குகின்றது. பூட்டை உடைத்தலை அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கின்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சில விலக்குகள் அளிக்கப்படும். அச்சிலில்லாத ஆட்டங்களை ஆய்வாளர் தம் இடத்திலிருந்தே அணுகுவதற்கு நூலகங்கள் வழிசெய்யலாமா என்ற வேண்டுகோள் 2024 ஒக்டோபரில் மறுக்கப்பட்டது. நூலகத்துக்கும் இல்லாத அனுமதியின் நடுவே, தனி ஆர்வலரின் உழைப்பே பெரும்பாலும் காப்பரணாக நிற்கின்றது. பி.எஸ்.பி.யையே போலச்செய்யும் ‘பி.பி.எஸ்.எஸ்.பி.பி.’ என்னும் இலவசச் செய்நிரல் 2012 நவம்பரில் வெளிவந்தது. இன்று அது கைத்தொலைபேசியிலும் இயங்குகின்றது. பிற பொறிகளின் வேடம் பூண்ட பொறிக்கு இப்பொழுது பிற பொறிகள் வேடம் பூணுகின்றன.

வாங்குவோர்க்கு ஒரு சொல்

இன்று இப்பொறி பழஞ்சரக்காகவே கிடைக்கும். வாங்க விழைவோர் முதலில் பற்றரி மூடியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்; வீங்கிய பற்றரியை மின்னேற்றுதல் ஆபத்து. 1000 வரிசையில் 32 மெகாபைற்று நினைவகம். 2000, 3000 வரிசைகளில் 64. 2011 இல் 99.99 யூரோவுக்கு வந்த ஈ-1000 வரிசையில் கம்பியில்லாத் தொடர்பு இல்லை. ‘கோ’ வரிசையில் தட்டுச் செருகும் இடமே இல்லை. மென்பொருளின் கடைசி இலக்கம் 6.61. அதிலும் வீட்டு வடிப்புகளை இயக்கலாம் ஆதலின், இலக்கத்தையெண்ணி அஞ்சவேண்டியதில்லை. சோனியின் நினைவக அட்டை அரிதாயின், சிறு நுண்ணட்டையைச் செருகும் மாற்றியொன்றே போதும். ஆயிரம் ஆட்டங்கள் ஏற்றிய அட்டையுடன் விற்பவரிடம் வாங்காதிருத்தல் நன்று. அவர் விற்பது தம்முடையதன்று.

கழிவு விலைச் சீட்டு ஒரு பொறியின் சந்தை வாழ்வை மட்டுமே கணக்கிடுகின்றது. அந்தப் பொறியிலே முதன்முதலாக நான்கு வரிச் செய்நிரல் எழுதி, திரையிலே தன் பெயர் தோன்றக் கண்ட மாணவனுக்கு அதன் மதிப்பு வேறு. அவன் வாங்கியது பொறியை மட்டுமா, அதனை அறியும் உரிமையையுமா? இவ்வினாவுக்கு மன்றங்கள் விடை கூறி முடிக்குமுன்னர், பொறிகள் பல துருப்பிடித்துவிடும். விடைக்குக் காத்திராமல் திருகாணிக் கருவியை எடுத்தவர்களாலேயே இதுவரை காக்கப்பட்டவை காக்கப்பட்டன.