வகுப்பறையின் உத்தி வாசலைத் தாண்டட்டும்!

உங்கள் குடும்பத்தில் ஆசிரியப் பணியில் இருப்பவர் எவரேனும் உண்டா? மகளாகவோ மருமகளாகவோ சிறிய தகப்பனாராகவோ இருக்கலாம். இருப்பின், இவ்வாண்டு வகுப்பறையில் தாமே கண்டுபிடித்த ஓர் உத்தியைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து சொல்லுவார். பின்னம் புரியாத பிள்ளைக்கு ரொட்டியைப் பிய்த்துக் காட்டியதையோ, கைபேசியில் படம் பிடித்து வந்து பாடம் நடத்தியதையோ விவரிப்பார். அடுத்து, "இதை வேறு எந்தப் பள்ளி ஆசிரியருக்கேனும் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாக வரும்.

அந்த மௌனத்தின் இழப்பு சிறிதன்று. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில், துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் பல உள்ளன. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்கு வகுப்பறையில் கிடைப்பதே கல்வி. அங்கே பலன் தந்த ஓர் உத்தி, ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும் நாளில் அவருடனேயே போய்விடுகிறது. அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

உத்தி பயணப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையே சான்று. 1789-இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிக்குக் கண்காணிப்பாளரானார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். காகிதமும் மையும் விலைமிக்கவையாயிருந்த காலத்தில் மணலுக்கு என்ன செலவு? தம் பள்ளியிலும் அதனைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் இயலாது என்றனர். பெல் விடவில்லை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அவ்வகுப்புக்குப் பொறுப்பாளனாக்கினார். மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இம்முறை நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. 'சட்டாம்பிள்ளை' என்ற சொல்லை முதியோர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். பெல் தாம் கண்டதையும் செய்ததையும் எழுதி, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் கல்லூரி' என்னும் பள்ளி இன்றும் அவர் விட்டுச்சென்ற செல்வத்தின் நினைவாக நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மணலில் எழுதக் கற்பித்த உள்ளூர் ஆசிரியரின் பெயர் என்ன? எவரும் அறியார். பெல் எழுதி வைத்தார். அவர் பெயர் நின்றது.

நம் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிக் கல்வி மையம், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணியின் படிகளைப் போல் வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறலாம். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே நேரில் சென்று பார்த்தனர். ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, பின்னர் 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் சென்றது. 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் 2007-இல் மாநிலமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது. தரையில் அமர்ந்த குழந்தைக்கு எட்டும்படி சுவரின் கீழ்ப்பகுதியிலேயே கரும்பலகை அமைத்தார்கள். எளிய மாற்றந்தான், ஆயினும், கரும்பலகை ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்ற நெடுநாள் எண்ணத்தை அது மாற்றிவிட்டது.

திருவொற்றியூரும் கத்திவாக்கமும் அப்போது தனி நகராட்சிகள். 2011-இல்தான் சென்னையோடு இணைந்தன. தண்டையார்ப்பேட்டையில் மாநகராட்சி வழியே வந்த முறை, அடுத்த ஊராகிய திருவொற்றியூருக்கு மாநிலத் திட்டத்தின் வழியாகவே வர வேண்டியிருந்தது. நிர்வாக எல்லை, நல்ல உத்திக்கும் எல்லையாகிவிடுகிறது அன்றோ? திட்டத்தின் பெயர் மாறும்போது பழைய திட்டத்தில் ஆசிரியர்கள் கண்டறிந்தவையும் பரணுக்குப் போய்விடுவது மற்றொரு குறை. 2022 சூன் 13-ஆம் நாள், புழலை அடுத்த அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கும் முறை அது. முந்தைய முறையில் பழகிய கைகளே இதனையும் ஏற்று நடத்தின.

கருவிகளுக்கு இன்று பஞ்சமில்லை. 2017-இல் மத்திய அரசு 'திக்ஷா' தளத்தைத் தொடங்கியது. 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. திறன்மிகு வகுப்பறைகளும் பெருகியுள்ளன. ஆசிரியர்களிடையே வாட்ஸ்அப் குழுக்களும் ஏராளம். ஆனால், அவற்றில் ஓடுபவை பெரும்பாலும் சுற்றறிக்கைகளும் படிவங்களும் ரோஜாப்பூவுடன் கூடிய காலை வணக்கங்களுமே. இடையே எவரேனும் ஒரு பாட உத்தியை அனுப்பினால், மாலைக்குள் அது அடியில் புதைந்துவிடும்.

எண்ணூர் ஆசிரியர் ஒருவரால் மட்டுமே தரக்கூடியவை எத்தனை! 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகுகளில் அக்கறை ஒட்டியதைப் பிள்ளைகள் தம் கண்களாலேயே கண்டனர். எண்ணெய் ஏன் நீரில் மிதக்கிறது, ஏன் பரவுகிறது என்ற பாடத்தை, ஒரு கண்ணாடிக் குவளையையும் கைபேசியையும் கொண்டே அங்கு நடத்தலாம். ஓத ஏற்றத்தையும் வற்றத்தையும் ஒரே இடத்திலிருந்து இருமுறை படமெடுத்து அனுப்பினால், கடலையே காணாத தருமபுரிப் பிள்ளைக்கு அது பாடமாகும். இரும்புக் கப்பல் மூழ்காத காரணத்தைத் துறைமுகத்தருகே உள்ள பள்ளி விளக்கட்டும். மலைப்பகுதிப் பள்ளி தன் ஓடையைப் படம் பிடித்துப் பதிலுக்கு அனுப்பட்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டம் என்றொரு வாய்ப்பு உண்டு. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் பணிபுரிவோர், அடுத்த தெரு ஆசிரியரைக்கூட அறியார். பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, விடுமுறை நாள் காலையில், வட்டாரத்தின் எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். தேநீரும் பிஸ்கட்டும் போதும். மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். பெண் ஆசிரியர்கள் நண்பகலுக்குள் வீடு திரும்பும்படி நேரத்தை வையுங்கள். இல்லாவிடில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

வருபவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கக் குறிப்புடன் வரட்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், என்ன பொருள்கள், எவ்வளவு நேரம் என்பன அதில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். படிப்பவருக்கு மிகுதியும் உதவுவது அதுவே. குறிப்பின் அடியில் எழுதியவர் பெயரும் பள்ளியின் பெயரும் தெளிவாக இருக்கட்டும்.