1985 பிப்ரவரி 17-ல் பிறந்தவர் எலியா, மாடா? சீன ராசி அட்டவணைகள் தப்பாவது எங்கே?

சீன நாட்காட்டிப்படி குதிரை ஆண்டு தொடங்கும் நாள் 2026 பிப்ரவரி 17. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல அட்டவணைகளில் "2026 - குதிரை" என்று ஒரே வரிதான் இருக்கும். அதைப் பார்த்து, ஜனவரியில் பிறந்த குழந்தைக்கும் குதிரை என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் குழந்தை பாம்பு.

பெயரே பாதி குழப்பத்துக்குக் காரணம். தமிழில் இதை 'சீன ராசி' என்கிறோம். நமக்கு ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். சீனாவில் அப்படி இல்லை. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, கோழி, நாய், பன்றி என 12 விலங்குகள், ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வரும். அந்த ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஆண்டை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. சீன மாதம் அமாவாசையில் பிறக்கிறது. புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் ஏதாவது ஒரு நாளில் வரும். அப்படியென்றால் ஆண்டை மட்டும் போட்ட அட்டவணை, ஒவ்வொரு வருஷமும் குறைந்தது 20 நாள், அதிகபட்சம் 50 நாள் பிறந்தவர்களுக்குத் தப்பான விலங்கைத்தான் காட்டும். 1990 குதிரை ஆண்டுதான். ஆனால் அது தொடங்கியது ஜனவரி 27-ல். ஜனவரி 20-ல் பிறந்தவர் பாம்பு.

2024 மார்ச்சில் பிறந்த குழந்தைக்குக் குரோதி வருஷம் என்று சொன்னால் நம்ம வீட்டுப் பெரியவங்க விடுவாங்களா? சித்திரை பிறக்கும்வரை சோபகிருதுதான். அதே கதைதான் இதுவும்.

ஒரு குறுக்குவழிக் கணக்கும் உண்டு. ஆண்டை 12-ஆல் வகுத்தால் மீதி 4 வந்தால் எலி, 5 மாடு, 6 புலி என்று போகும். 2026-ஐ வகுத்தால் மீதி 10, அதாவது குதிரை. கணக்கு சரி. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர் இதில் ஆண்டைப் போடும் முன், அந்த வருஷம் புத்தாண்டு எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்தாக வேண்டும். பல செயலிகள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரே தேதி, இரண்டு விலங்கு

1985 பிப்ரவரி 17-ஐ எடுத்துக்கொள்வோம். (நடிகர் சிவகார்த்திகேயன் பிறந்த தேதியும் இதுதான்.) ஆண்டை மட்டும் பார்க்கும் அட்டவணை மாடு என்று சொல்லும். ஆனால் அந்த வருஷம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20. மூன்று நாள் முன்னதாகப் பிறந்தவர் எலி.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் வைத்துப் பலன் சொல்லும் சீன ஜோதிடர்கள் பலர், ஆண்டைப் புத்தாண்டிலிருந்து கணக்கிடுவதில்லை. 'லிச்சுன்' எனப்படும் வசந்தத் தொடக்க நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இது சூரியனை வைத்து வருவதால் பெரும்பாலும் பிப்ரவரி 4-ஐ ஒட்டியே இருக்கும். அவர்கள் கணக்கில் பிப்ரவரி 17 மாடு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது.

வியட்நாமில் கதையே வேறு. அங்கே அந்த வருஷப் புத்தாண்டு ஜனவரி 21-லேயே வந்துவிட்டது. சீனாவைவிட 30 நாள் முன்பு! காரணம் ஒரு மணி நேரம். பெய்ஜிங்கைவிட ஹனோய் நேரம் ஒரு மணி பின்தங்கியது. சூரியன் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் டிசம்பர் நாள் 11-வது மாதத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. 1984-ல் அந்தத் தருணம் பெய்ஜிங் நேரப்படி டிசம்பர் 22 நள்ளிரவு 12.23-க்கு வந்தது. ஹனோயில் அது டிசம்பர் 21 இரவு 11.23. அமாவாசையோ இரண்டு ஊரிலும் டிசம்பர் 22. ஆக, பெய்ஜிங்கில் அன்று பிறந்த மாதம் 11-வது மாதம். ஹனோயில் அதே மாதம் 12-வது. புத்தாண்டு ஒரு மாதம் தள்ளிப்போனது இப்படித்தான்.

எனவே பிப்ரவரி 17-க்கு 'எலி' என்று சொன்னவரும் 'மாடு' என்று சொன்னவரும் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். எந்த நாட்காட்டி என்று சொல்லாததுதான் பிழை.

பூனையைத் திருத்தக் கூடாது

பிழை திருத்துகிறேன் என்று புதுப் பிழை சேர்ப்பதும் நடக்கிறது. வியட்நாமில் முயல் கிடையாது, அந்த இடத்தில் பூனை. மாட்டுக்குப் பதில் எருமை. 2023 அங்கே பூனை ஆண்டாகத்தான் கொண்டாடப்பட்டது. ஜப்பானில் பன்றிக்குப் பதில் காட்டுப்பன்றி. இதெல்லாம் தட்டச்சுப் பிழை இல்லை, அந்தந்த நாட்டு வழக்கம்.

இன்னொன்று மொழிபெயர்ப்பு. எட்டாவது விலங்கு வெள்ளாடா, செம்மறியா, கிடாவா என்று ஆங்கிலத்தில் பெரிய சண்டையே நடக்கும். சீனச் சொல்லான 'யாங்' எல்லாவற்றுக்கும் பொது. நம்மிடம் 'ஆடு' என்று கச்சிதமான சொல் இருக்கிறது. 'நியு' என்றால் மாடு, 'ஜி' என்றால் கோழி. நேராகத் தமிழுக்கு வந்தால் பிரச்சினையே இல்லை. ஆங்கிலம் வழியாகச் சுற்றி வரும்போதுதான் மாடு 'எருது' ஆகிறது, கோழி 'சேவல்' ஆகிறது.

இதெல்லாம் ஒரு விஷயமா?

பொழுதுபோக்குக்குப் படிப்பவருக்குப் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் கல்யாணப் பொருத்தம் பார்ப்பவர்கள், குழந்தை எப்போது பெற்றுக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் இதை நம்புகிறார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 12 விலங்குகளோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து பூதங்களும் சேர்ந்து 60 ஆண்டுச் சுற்று ஆகிறது. அதில் ஒருமுறை 'நெருப்புக் குதிரை' வரும். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் முரட்டுத்தனமானவள், கணவனுக்கு ஆகாதவள் என்று அங்கே ஒரு மூடநம்பிக்கை. 1965-ல் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில், நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் பிறந்தது சுமார் 13.6 லட்சம். நான்கில் ஒரு பங்கு சரிவு. அடுத்த ஆண்டே எண்ணிக்கை 19 லட்சத்தைத் தாண்டியது.

அந்தச் சுற்றில் அடுத்தது 2026.

இங்கேயும் தேதிச் சிக்கல் உண்டு. ஜப்பான் 1873-லேயே ஆங்கில நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அங்கே விலங்கு மாறுவது ஜனவரி 1-ல். 1966 ஜனவரி 10-ல் டோக்கியோவில் பிறந்த பெண்ணுக்கு 'நெருப்புக் குதிரை' முத்திரை விழும். அதே நாளில் பெய்ஜிங்கில் பிறந்தவள் பாம்பு, ஏனென்றால் அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 21. நம்பிக்கையே அடிப்படை இல்லாதது, அது வேறு. ஆனால் அட்டவணை போடுகிறவர் கவனக்குறைவாக எழுதும் ஒரு வரி, ஒரு பெண்மேல் வேண்டாத முத்திரையைக் குத்திவிட முடியும்.

சரி, எப்படித் திருத்துவது?

முதலில், ஆண்டுக்குப் பதில் தேதி. "2025 - பாம்பு" என்று போடாமல் "2025 ஜனவரி 29 முதல் 2026 பிப்ரவரி 16 வரை - பாம்பு" என்று போட வேண்டும். இது 384 நாள் கொண்ட நீண்ட ஆண்டு, நடுவில் ஒரு கூடுதல் மாதம் வந்ததால். தேதிகளை இன்னொரு ஜோதிடப் பக்கத்திலிருந்து எடுத்தால் அங்கே இருக்கும் பிழையும் சேர்ந்தே வரும். ஹாங்காங் வானிலை ஆய்வகம் 1901 முதல் 2100 வரையிலான தேதி மாற்று அட்டவணையை வெளியிட்டிருக்கிறது, அதோடு ஒப்பிடலாம்.

இரண்டாவது, எந்த வழக்கம் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே சொல்வது: சீனப் புத்தாண்டா, லிச்சுனா, வியட்நாமா, ஜப்பானா.

மூன்றாவதுதான் பலரும் செய்யாதது. தப்பு தெரிந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பழைய அட்டவணையைப் பார்த்துக் குறித்துக்கொண்டவருக்கு அது மாறியதே தெரியாது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் தொடர்ந்து சுற்றும். "முன்பு 1990 ஜனவரி 1 முதல் 26 வரை பிறந்தவர்களுக்குக் குதிரை என்று இருந்தது, சரியானது பாம்பு" என்று தேதியோடு ஒரு வரி போட்டால், தன் விலங்கு மாறியது யாருக்கு என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த குழப்பத்துக்கு 2027 ஜனவரி வரை காத்திருந்தால் போதும். அட்டவணைகள் 'ஆடு' என்று சொல்லும். ஆடு ஆண்டு தொடங்குவது பிப்ரவரி 6-ல். அதற்கு முந்தைய நாள் வரை பிறக்கும் குழந்தைகள் சீனக் கணக்கில் குதிரைதான்.