கடற்பிணி

கரையில் நின்று காண்பவர்க்குக் கடல் ஒரு பெருங்காட்சி. அதன் நீல நிறமும், ஓயாது எழும் திரைகளும், தொலைவில் வானும் நீரும் ஒன்றாய்க் கூடும் எல்லையும் உள்ளத்தைக் கவர்வன. முதன்முறையாகக் கப்பலேறிச் செல்பவன், துறைமுகம் கண்ணுக்குத் தெரியும்வரை அம்மகிழ்ச்சியோடு மேல்தளத்தில் உலாவுவான். கரை மறைந்து, காற்று வலுத்து, கலம் அசையத் தொடங்கியதும் அவன் பேச்சுக் குறைகின்றது, கொட்டாவி வருகின்றது, முகம் வெளுக்கின்றது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்புகின்றது, வாயில் நீர் ஊறி, வயிறு குமட்டுகின்றது. இறுதியில் உண்ட உணவெல்லாம் வாந்தியாய் வெளிப்படுகின்றது. சற்று முன்னர் இனிய காட்சியாய் இருந்த கடல், இப்பொழுது பகையாய்த் தோன்றுகின்றது. இத்துன்பமே கடற்பிணி எனப்படும்.

இப்பிணி புதியதன்று; மனிதன் மரக்கலம் செலுத்தத் தொடங்கிய நாள்தொட்டு உள்ளது. பண்டைக் கிரேக்க மக்கள் குமட்டலைக் குறிக்க வழங்கிய சொல், கப்பலைக் குறிக்கும் அவர்தம் சொல்லினின்றே பிறந்தது. கடலுக்கும் குமட்டலுக்கும் உள்ள உறவு எத்துணைப் பழமையானது என்பதற்கு அச்சொல்லே சான்றாகும்.

வயிற்றை வருத்தும் துன்பமாதலின், இதன் காரணமும் வயிற்றிலேயே உள்ளதென எண்ணுதல் இயல்பு. உண்மையில் இதன் பிறப்பிடம் செவியாகும். செவி ஒலியைக் கேட்பதற்கு மட்டும் அமைந்ததன்று. அதன் உட்பகுதியில் அரைவட்ட வடிவான நுண்ணிய குழல்கள் மூன்று உள்ளன. ஓர் அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் வந்து கூடுதல்போல, அவை மூன்றும் வெவ்வேறு திசையை நோக்கி அமைந்துள்ளன. அவற்றுள் நீர்மம் நிறைந்துள்ளது. தலை எப்பக்கம் திரும்பினும் அந்நீர்மம் அசைந்து, அச்செய்தியை நரம்பின் வழியே மூளைக்கு அறிவிக்கின்றது. உடல் மேலெழுவதையும் தாழ்வதையும் சாய்வதையும் உணர்த்துதற்கு, சுண்ணாம்புத் துகள்கள் பொருந்திய சிறு பைகள் இரண்டு அவற்றின் அருகே உள்ளன. நாம் விழாமல் நிற்பதும் நடப்பதும் இவற்றின் உதவியாலேயே.

சிறுவர் ஆடும் தட்டாமாலை விளையாட்டை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கைகளை விரித்துக்கொண்டு விரைந்து சுற்றிய சிறுவன் சட்டென நின்றால், அவனுக்கு வீடும் மரமும் சுழல்வனபோல் தோன்றுகின்றன. அவன் உடல் நின்றுவிட்டது. ஆனால் செவிக்குழலில் உள்ள நீர்மம் இன்னும் சற்றுநேரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. ‘நின்றுவிட்டோம்’ என்கின்றன கால்கள்; ‘சுழல்கின்றோம்’ என்கின்றது செவி. அதனால் தலை கிறுகிறுக்கின்றது.

கப்பலிலும் இதுவே நிகழ்கின்றது. அறைக்குள் அமர்ந்திருப்பவனுடைய கண், எதிரேயுள்ள சுவரும் மேசையும் அசையாதிருப்பதைக் கண்டு, ‘அசைவில்லை’ என்று மூளைக்கு உரைக்கின்றது. செவியோ, கலம் எழுந்து தாழ்வதை உணர்ந்து, ‘அசைவு உண்டு’ என்று உரைக்கின்றது. இரண்டும் பொய் கூறவில்லை. ஆயினும் இரண்டும் ஒத்துக் கூறவில்லை. சான்றோர் இருவர் முரண்பட உரைத்தால் நடுவர் கலங்குதல்போல மூளை கலங்குகின்றது. அக்கலக்கத்தின் விளைவே குமட்டலும் வாந்தியும். ஓடும் பேருந்தில் நூல் படிப்பவர்க்குத் தலை சுற்றுவதும் இக்காரணத்தாலேயே.

எல்லா அசைவும் இத்துன்பத்தைத் தருவதில்லை. நாம் விரைந்து நடக்கும்போது தலை நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் ஏறித் தாழ்கின்றது; அதனால் எவர்க்கும் குமட்டல் உண்டாவதில்லை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 முதல் 12 முறை மெல்ல எழுந்து தாழும் அசைவே மிகவும் வருத்துவது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கடலலைமேல் செல்லும் கலத்தின் அசைவு பெரும்பாலும் அத்தகையதே.

இப்பிணிக்குச் செவியே காரணம் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் என்பார், காது கேளாதோர் பலர்க்குத் தலைச்சுற்று உண்டாவதில்லை என்பதை ஆராய்ந்து 1882-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், 1950-களின் இறுதியில் விண்வெளிப் பயணத்திற்கான ஆய்வுகள் தொடங்கியபொழுது, கல்லாடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாதோர் பதினொருவர் அவற்றில் பங்குகொண்டனர். அவருட் பெரும்பாலோர் இளமையில் மூளையுறைக் காய்ச்சலால் உட்செவியின் ஆற்றலை இழந்தவர். கனடா நாட்டின் நோவா ஸ்கோசியாக் கரையருகே கொந்தளிக்கும் கடலில் அவர்களை ஏற்றிச் சென்று சோதித்தனர். அவர்கள் இனிதே சீட்டாடிக்கொண்டிருந்தனர். அவர்களை ஆராயச் சென்றவர்களோ கடற்பிணியால் வருந்தி, ஆய்வையே நிறுத்த நேர்ந்தது! இதனால், இப்பிணி மனத்தளர்ச்சியால் வருவதன்று என்பதும், நலமான செவியுடைய எவர்க்கும் வரக்கூடியது என்பதும் தெளிவாகும்.

வீரரும் இதற்கு விலக்கல்லர். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் 1771-ஆம் ஆண்டில், தம் பன்னிரண்டாம் வயதில், கடற்படையிற் சேர்ந்தவர். கடற்படையிற் சேர்ந்து முப்பதாண்டுகளுக்கு மேல் ஆன பின்னரும், கடுங்காற்று வீசும்போதெல்லாம் தமக்கு உடல்நலம் கெடுவதாக 1804-இல் எழுதிய மடலொன்றில் குறித்துள்ளார். அடுத்த ஆண்டில்தான் டிரபால்கர்ப் போரில் அவர் வெற்றி கண்டு உயிர் துறந்தார்.

இயற்கை நூலறிஞர் சார்லசு டார்வின் பட்ட துன்பம் இதனினும் பெரிது. அவர் 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ‘பீகிள்’ என்னும் சிறு கப்பலில் இங்கிலாந்தினின்று புறப்பட்டார். பிஸ்கே விரிகுடாவை அடையுமுன்பே கடற்பிணி அவரைப் பற்றியது. தொங்கு படுக்கையில் படுத்தவாறே, உலர்ந்த திராட்சையும் பிஸ்கோத்தும் உண்டு நாள்களைக் கடத்தினார். ஏறத்தாழ ஐந்தாண்டு நீண்ட அப்பயணத்தில் இத்துன்பம் அவரை முற்றும் விட்டு நீங்கவேயில்லை. ஆயினும் அவர் இடையில் திரும்பவில்லை. கப்பல் நின்ற இடந்தோறும் கரையிறங்கி, செடிகொடிகளையும் விலங்குகளையும் பாறைகளையும் ஆராய்ந்தார். 1859-இல் அவர் வெளியிட்ட உயிரினத் தோற்றம் பற்றிய பெருநூலுக்கு அப்பயணமே வித்தாயிற்று. வாந்திக்கு அஞ்சி அவர் முதல் துறைமுகத்திலேயே வீடு திரும்பியிருப்பின், உலகம் அடைந்திருக்கும் இழப்பு எத்துணை!

காரணத்தை அறிந்தபின் காக்கும் வழியை அறிதல் எளிது. கண்ணும் செவியும் ஒத்துரைக்குமாறு செய்தலே முதல் வழி. கலத்தின் அசைவு தொடங்கியதும் அறையினின்று வெளியே வந்து, தளத்தில் நின்று, தொலைவிலுள்ள தொடுவானத்தை நோக்குதல் வேண்டும். அசையாத அவ்வெல்லையைக் கண் காணும்போது, கலம் அசைவதைக் கண்ணும் உணர்கின்றது; செவியோடு அதற்கிருந்த முரண் தணிகின்றது. அருகில் மோதும் அலைகளை நோக்குதலும், நூல் படித்தலும், எழுதுதலும் தீங்கு செய்யும். வெளியே நிற்க இயலாதவர், தலையை அசையாது வைத்து, கண்களை மூடிப் படுத்திருத்தல் நன்று.

இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல் இரண்டாம் வழி. ஏற்றம் இறைக்கும்போது ஏற்றமரத்தின் முனை பல அடி உயர்ந்து தாழ்கின்றது. நடுவே தாங்குகாலின்மேல் உள்ள பகுதியோ பெரிதும் இடம் பெயர்வதில்லை. கப்பலும் அதுபோன்றதே. முன்முனையிலும் பின்முனையிலும் ஆட்டம் மிகுதி. நடுப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஆகவே, படுக்கையை நடுப்பகுதியில் அமைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. எண்ணெய்ப் புகை, சமையல் மணம், புழுக்கம் ஆகியவற்றினின்று விலகித் தூய காற்றுள்ள இடத்தில் இருத்தலும் வேண்டும்.

உணவில் அளவறிதல் மூன்றாம் வழி. முதல்நாள் இரவு நன்கு உறங்கி, புறப்படுமுன் எளிய உணவைச் சிறிதளவு உண்ணல் வேண்டும். வயிறு நிறைய உண்ணுதலும் தீது. ஒன்றும் உண்ணாது இருத்தலும் தீது. வாந்தி உண்டானபின், இழந்த நீரை ஈடுசெய்ய, நீரைச் சிறிது சிறிதாகப் பருகுதல் இன்றியமையாதது.

நம் நாட்டில் குமட்டலுக்கு இஞ்சியும் சுக்கும் கொடுக்கும் வழக்கம் தொன்மையானது. 1988-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில், கடற்பயணத்திற்குப் பழகாத கடற்படை மாணவர் 80 பேரைக்கொண்டு இஞ்சித்தூளைச் சோதித்தபொழுது, அதனை உண்டவர்க்கு வாந்தியும் குளிர்வியர்வையும் குறைந்தமை காணப்பட்டது. அது நோயை அறவே நீக்குவதன்று, தணிப்பது.

மருந்து மாத்திரையொன்று கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர், தோல் தடிப்புக்காக வந்த ஒரு பெண்மணிக்குப் புதிய மருந்தொன்றைக் கொடுத்தனர். டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டலுற்றுவந்த அவர், அம்மருந்தை உண்டபின் அத்துன்பம் இன்றிப் பயணம் செய்தார். அதனை அறிந்த மருத்துவர், ஐரோப்பாவிற்குச் சென்ற படைக்கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரரிடையே அதனைச் சோதித்து, அதன் பயனை உறுதிசெய்தனர். இத்தகைய மருந்துகளைக் கலம் புறப்படுமுன்பே உண்ணல் வேண்டும். வாந்தி தொடங்கியபின் உண்டால் அவை வயிற்றில் தங்குவதில்லை. வெள்ளம் வருமுன் அணைகோலுதலே முறை. எனினும் இவை உறக்கத்தை உண்டாக்குமாதலின், மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது. கலம் செலுத்துவோர் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இப்பிணி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே தணிந்துவிடும். மூளை புதிய அசைவுக்குப் பழகிக்கொள்வதே அதற்குக் காரணம். அவ்வாறு பழகியவர் கரையிறங்கும்போது, அசையாத நிலமும் சிறிதுநேரம் அசைவதுபோல் தோன்றுவது வேடிக்கையே.

ஆயினும் இதனைச் சிறிதென எண்ணிப் புறக்கணித்தல் கூடாது. கப்பல் மூழ்கி, உயிர்காப்புப் படகில் மிதப்பவர்க்கு வாந்தி, உடலிலுள்ள நீரையும் வலிமையையும், பிழைப்போம் என்னும் ஊக்கத்தையும் பறித்துவிடும். அதனாலேயே, ஒவ்வொரு உயிர்காப்புப் படகிலும் 48 மணி நேரத்திற்குப் போதிய கடற்பிணி மருந்து இருத்தல் வேண்டுமெனப் பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதிகள் கட்டளையிடுகின்றன.

கப்பலில் ஒருவன் குமட்டலால் வருந்தும்போது, உடன் செல்வோர் அவனை எள்ளி நகையாடுதல் பண்பன்று. அவனைத் தூய காற்றுள்ள இடத்தில் இருத்தி, வாய் கொப்புளிக்க நீர் தந்து, அவன் அச்சத்தைத் தணித்தலே கடமை. வருந்துபவனும் நாணுதல் வேண்டா. கடற்பிணி கோழையின் அடையாளமன்று. தம் கடமையைச் செய்யும் கண்ணுக்கும் செவிக்கும் இடையே எழும் சிறு பூசலே அது. அதனை அறிந்து, முன்னரே காத்து, வந்துற்றபோது பொறுத்துக்கொள்பவனுக்குக் கடல் மீண்டும் இனிய காட்சியாகும்.