டீசலிலும் பூஞ்சணம் பிடிக்கும்!

இடம்பெயர்ந்தபோது வளவு மூலையில் விட்டுவந்த டீசல் பீப்பாவை, திரும்பிச் சென்றதும் அப்படியே நீரிறைக்கும் இயந்திரத்தில் ஊற்றலாமா? எண்ணெய்தானே, பழுதாகாது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது தவறு. டீசலையும் மண்ணெண்ணெயையும் உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் உள்ளன.

இவற்றுக்குத் தண்ணீரும் வேண்டும். பீப்பாவின் வெற்றிடத்திலுள்ள ஈரக்காற்று இரவுக் குளிரில் நீராகி அடியில் தங்குகின்றது. அந்நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்திலேயே பக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் பெருகுகின்றன. இவற்றுள் பேர்போனது ஹோர்மோகொனிஸ் ரெசினே என்ற பூஞ்சணம். அது வழுவழுப்பாகப் படர்ந்து வடிகட்டியை அடைக்கும். நுண்ணுயிர்கள் வெளிவிடும் அமிலங்கள் தாங்கியை அரிக்கும். விமானத் தாங்கிகளிலும் இதே தொல்லைதான்.

முன்னர் மாதிரியை ஆய்வுகூடத்தில் வைத்து, கிருமி வளரும்வரை பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றோ பிறபொருளெதிரிச் சோதனை ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் விடை தருகின்றது. நோய்க்கிருமி புகுந்தால் அதைப் பற்றிப்பிடிக்க உடல் உண்டாக்கும் பொருளே பிறபொருளெதிரி. ஒவ்வொன்றும் தனக்குரிய கிருமியையே பிடிக்கும்; பூட்டுக்கேற்ற திறப்பைப் போல. ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டியளவு ஆக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தாங்கியின் அடியிலிருந்து எடுத்த மாதிரியை ஒரு திரவத்துடன் குலுக்கி, சில துளிகளைப் பட்டியில் விடுவார்கள். கொரோனாக் காலத்தில் நாம் கண்ட துரிதப் பரிசோதனை போன்றதே இதுவும். ஆனால் சில வகைகளில் கோடு தோன்றாமையே கிருமி மிகுந்திருப்பதன் அடையாளம். எனவே கூடவரும் குறிப்பை வாசித்த பின்பே முடிவுக்கு வரவேண்டும். இறந்த கிருமியின் எச்சத்தையும் இச்சோதனை காட்டக்கூடும். தான் தேடாத கிருமியைக் காட்டாது.

விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் பயன்படும் இப்பட்டி நம் கைக்கு எட்டாவிடினும், அதன் பாடம் எட்டும்: அடியைப் பார்! பீப்பாவின் அடியிலிருந்து சிறிதளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அசையாமல் வையுங்கள். கீழே நீரும், இடையில் கருமையான ஆடையும் தென்பட்டால் அதை இயந்திரத்தில் ஊற்றாதீர்கள். வாயால் உறிஞ்சி எடுக்கவும் வேண்டாம். நெருப்பை அண்டவிடவும் வேண்டாம்.

இனிச் சேமிக்கும்போது பீப்பாவை நிரப்பி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். அடியில் தேங்கும் நீரை அடிக்கடி அகற்றுங்கள். பயிர் வாடும் நாளில் இயந்திரம் நின்றுபோனால், இழப்பு டீசலோடு முடிவதில்லை.