இந்திய விமானப்படையின் முஸ்லிம் தளபதி: இத்ரீஸ் ஹஸன் லத்தீப்

"சேர், எயார் ஃபோஸுக்கு எங்கட ஆக்கள எடுப்பாங்களா?"

தரம் 11 மாணவர் ஒருவர் போன தவணை வகுப்பில் இப்படிக் கேட்டார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். 2019 இற்குப் பிறகு இந்தச் சிரிப்பு எனக்குப் பழகிப்போன ஒன்று. "விண்ணப்பித்துப் பாருங்கள்" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அன்று எனக்கு ஞாபகம் வந்தவர் நம் அயல்நாட்டுக்காரர், இந்திய விமானப்படையின் தளபதியாக இருந்த இத்ரீஸ் ஹஸன் லத்தீப்.

1923 இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். நிஸாம் கல்லூரியில் படித்து, 1942 இல் பதினெட்டு வயதில் அன்றைய பிரித்தானிய இந்திய விமானப்படையில் அதிகாரியானார். கராச்சியிலிருந்து பழைய இரட்டை இறக்கை விமானங்களில் அரபுக் கடலைக் கண்காணிப்பதே ஆரம்ப வேலை. பின்னர் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டு ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களை ஓட்டினார். திரும்பி வந்து பர்மாப் போர்முனையிலும் பறந்தார்.

1947 இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. அதற்கு ஒரு விதி இருந்தது. பாகிஸ்தானாக மாறிய பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம் அதிகாரி இந்தியாவைத் தெரிவு செய்ய முடியாது. இந்தியப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் அல்லாதவர் பாகிஸ்தானைத் தெரிவு செய்ய முடியாது. ஆனால் லத்தீபைப் போல இந்தியப் பக்கத்தில் பிறந்த முஸ்லிமுக்கு இரண்டில் எதுவும் ஆகலாம். அதாவது, யோசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர் போன்றவர்களுக்கே இருந்தது. கூடப் பணியாற்றிய அஸ்கர் கானும் நூர் கானும் பாகிஸ்தானுக்கு வரும்படி அழைத்தார்கள். இருவருமே பிற்காலத்தில் அந்நாட்டு விமானப்படைக்குத் தலைமை தாங்கியவர்கள். அவருடைய ஊரான ஹைதராபாத்தோ அப்போது நிஸாமின் கையில். 1948 செப்டம்பரில்தான் அது இந்தியாவுடன் சேர்க்கப்பட்டது. ஊரின் கதியே தெரியாத நிலையிலும் லத்தீப் இந்தியாவிலேயே நின்றார். மதம் வேறு, நாடு வேறு என்பது அவர் நிலைப்பாடு.

நம்மவர்கள் பகிரும் வட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகான முப்பது வருடங்கள். விமானப்படையில் மேலே போகப் போகப் பதவிகள் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு படியிலும் ஒருவரின் பணி மதிப்பிடப்படும், பலர் வழியிலேயே ஓய்வு பெறுவர். விமானம் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த விமானத்தை வாங்குவது, அதற்கு எத்தனை விமானிகளைப் பயிற்றுவது என்று மேசையில் அமர்ந்து கணக்குப் பார்க்கவும் தெரிய வேண்டும். 1971 யுத்தத்தின்போது லத்தீப் இருந்தது திட்டமிடலுக்குப் பொறுப்பான உதவித் தளபதி பதவியில். பாகிஸ்தானுடனான யுத்தத்தில் அத்தகைய பொறுப்பு அவரிடம் இருந்தது என்பதை மாணவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன்.

1978 இல் தளபதியானார். பல வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்த ஜகுவார் விமானக் கொள்வனவு அவருடைய காலத்தில் நிறைவேறி, 1979 இல் முதல் விமானங்கள் வந்து சேர்ந்தன. ஒலியைவிட இரண்டரை மடங்குக்கும் கூடிய வேகத்தில் செல்லும் மிக் 25 விமானமும் 1981 இல் சேர்க்கப்பட்டது. ஓய்வு பெறும் தறுவாயில், 58 வயதில், அதிலும் பறந்து பார்த்தார் மனிதர்! பிறகு மகாராஷ்டிர ஆளுநர், பிரான்ஸுக்கான தூதுவர். 2018 ஏப்ரல் 30 இல் ஹைதராபாத்தில் காலமானார்.

"அவருக்குப் பிறகு யார் சேர்?" என்றார் இன்னொரு மாணவர்.

ஒருவரும் இல்லை. 1981 இற்குப் பிறகு இந்திய விமானப்படைக்கு முஸ்லிம் தளபதி வரவில்லை. பார்சியான அஸ்பி எஞ்சினியர், சீக்கியரான அர்ஜன் சிங் ஆகியோர் அவருக்கு முன்பே அந்தக் கதிரையில் இருந்தவர்கள். தரைப்படைக்கும் கடற்படைக்கும் முஸ்லிம் தளபதி இதுவரை இல்லை. இதையும் மறைக்காமல் சொன்னேன். ஒருவருடைய படத்தைக் காட்டிக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வது நேர்மையல்ல. பூட்டிக் கிடக்கிறது என்று நாமே தீர்ப்பெழுதி, அவர்கள் விண்ணப்பம் நிரப்ப முன்பே தடுத்துவிடுவதும் அப்படித்தான்.

இடைவேளை மணி அடித்த பிறகு முதலில் கேட்ட மாணவர் என் மேசைக்கு வந்தார். கண்ணாடி போட்டவர்களையும் எடுப்பார்களா என்பது இம்முறை அவருடைய கேள்வி.