முதலில் விரல்களைப் பாருங்கள்

மதுரையின் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த, மீன் விற்ற தாயின் மகனான எம். பழனி குமார், 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். ராமநாதபுரம் பாரதிநகர்ப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பதைப் படமாக்கினார். அந்தப் படங்களில் கடல்தான் முதலில் கண்ணை இழுக்கும். அங்கேயே நின்றுவிட்டால் அழகு மட்டுமே மிஞ்சும். விரல்களுக்கு வாருங்கள்: பாறை கிழித்துவிடாமலிருக்கத் துணி சுற்றிய விரல்கள், மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பவை. அவற்றைக் கண்டபின் அதே நீலம் வேலைத்தளமாகத் தெரியும்.

உழைப்பின் வலியை இத்தனை அழகாகக் காட்டலாமா என்று கேட்பது நியாயம்தான். பார்ப்பவரை அழகு நிறுத்தி வைக்கிறது. நின்றவர் விரல்வரை போகாவிட்டால்தான் அது குற்றமாகும். நல்ல படத்துக்கு விளக்கம் எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சுற்றிய துணியைக் கண் கண்டுபிடிக்கும்; பறித்த மரிக்கொழுந்துப் பாசி அகர் ஆலைக்குப் போவதையோ, அன்றைய கூலியையோ எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. ஆகவே படத்தின் கீழுள்ள பெயரையும் ஊரையும் படித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.